சரியாக ஐந்தரைக்கு

“பெல்லை அடிக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே வசுந்தரா விரலை நீட்டிவிட்டாள்.

சேஷாத்ரி பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். “வேண்டாம் வசு! மணி நாலு அம்பதுதான் ஆகுது. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு.”

“அதனால என்ன? வந்தாச்சு, உள்ளே போய் உக்காரலாமே.”

“இது மாம்பலம் இல்லை, ஹம்பேர்க். சொன்ன டைமுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போனாலும் மேனர்ஸ் இல்லாதவன்னு நினைப்பாங்க.”

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம். ஆறாவது மாத முடிவில்தான் வேலை நிரந்தரமாகும். அதற்குள் மூன்று முறை ரயில் காலை வாரி, மீட்டிங்குக்குத் தாமதமாகப் போயிருந்தான். மேலதிகாரி யான்சன் திட்டவில்லை. கைக்கடிகாரத்தை ஒரு பார்வை, அவனை ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை என்று சேஷாத்ரிக்குத் தோன்றியது.

அப்படிப்பட்ட யான்சன், ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வீட்டுக்குக் காபி குடிக்க வரச்சொல்லி ஜெர்மன் மொழியிலேயே கூப்பிட்டார். சேஷாத்ரியும் ஜெர்மன் மொழியிலேயே சரி என்றான். “அஞ்சரை மணிக்கா காபி?” என்று வசுந்தரா சந்தேகப்பட்டபோது, “இங்கெல்லாம் அப்படித்தான்” என்று அடக்கினான். ரயிலை நம்ப முடியாது என்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்கள். அன்றைக்குப் பார்த்து எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்து தொலைத்தன.

“நின்னா சந்தேகப்படுவாங்க. அப்படியே ஒரு நடை நடக்கலாம், வா.”

யான்சனுடையது தனி வீடு. முன்னால் தெரு, இரண்டு பக்கமும் சந்து, பின்னால் வாய்க்காலை ஒட்டி நடைபாதை. பட்டுப்புடவையும் முறுக்கு டப்பாவுமாக வசுந்தராவும், ஏழு மஞ்சள் ரோஜாவுடன் சேஷாத்ரியும் வீட்டைச் சுற்றி வந்தார்கள்.

“ஏழு எதுக்கு? எட்டா வாங்கியிருக்கலாமே.”

“பூன்னா ஒத்தைப்படையிலதான் கொடுக்கணும். படிச்சிருக்கேன்.”

முதல் சுற்று முடிந்து தெருவுக்கு வரும்போது யான்சன் வீட்டு வாசற்கதவு திறந்தது. அவரே வெளியே வந்து தெருவின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தார். சேஷாத்ரி மனைவியை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேலிச்செடிக்குப் பின்னால் பதுங்கினான்.

“அவர் யாரையோ தேடறார்.”

“குப்பை போட வந்திருப்பார்.”

“கையில குப்பையே இல்லையே!”

“உஷ்!”

யான்சன் உள்ளே போனார். இவர்கள் வெளியே வந்தபோது வசுந்தராவின் முந்தானையில் பாதி, செடியோடு இருந்தது. அதை விடுவித்த அவசரத்தில் ஒரு ரோஜா ஒடிந்தது.

“ஐயோ, ஆறாயிடுச்சு. இரட்டைப்படை!” என்று சேஷாத்ரி இன்னொன்றையும் உருவினான். கீழே போட்டால் குப்பை போட்ட குற்றம் என்று இரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான். ஐந்து.

அதற்குள் ஒரு கிழவர் நாயோடு எதிரே வந்து நின்றார்.

“யாரையாவது தேடுகிறீர்களா?”

“இல்லை,” என்றான் சேஷாத்ரி பணிவாக. “காத்திருக்கிறோம்.”

“எதற்கு?”

“மணிக்கு.”

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்த நேரத்தில் அவருடைய நாய், எட்டிய ரோஜா ஒன்றைக் கவ்விக்கொண்டது. நான்கு. சேஷாத்ரி “நன்றி” என்று எதற்கோ சொல்லி, இன்னொன்றைப் பைக்குள் தள்ளினான். மூன்று.

இரண்டாம் சுற்றில் கிழவரும் நாயும் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார்கள். மழையும் வந்தது. குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது யார் தவறு என்பதில் பின்பக்க நடைபாதை முழுவதும் கழிந்தது. மேல்மாடி ஜன்னலில் ஒரு சின்னப் பெண் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு கை ஆட்டினாள்.

“பார்க்காதே! யான்சன் பொண்ணு!”

வசுந்தரா நிமிர்ந்து நன்றாகவே கை ஆட்டினாள். “குழந்தை கை காட்டினா காட்டாம போறது உன் மேனர்ஸ் புத்தகத்துல இருக்கா?”

அவர்கள் மீண்டும் முன்பக்கம் வந்தபோது, கிழவர் அவர்களைத் தாண்டிப் போய் யான்சன் வீட்டுப் பெல்லை அடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. உள்ளே ஏதோ பேச்சு.

“போச்சு,” என்றான் சேஷாத்ரி. “திருடங்கன்னு சொல்றார். போலீஸ் வரும். வேலை போச்சு.”

“இப்பவாவது உள்ளே போயிடலாம் சேஷு. நனைஞ்சு போறேன்.”

“மணி அஞ்சு இருபது. பத்து நிமிஷத்துல பேரைக் கெடுத்துக்கறதா? இன்னும் ஒரே ஒரு சுத்து.”

மூன்றாம் சுற்றில் கிழவர் சந்து முனையில் நின்றிருந்தார். போலீஸ் இல்லை. இவர்களைக் கண்டதும் அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, நாயையும் உட்காரச் சொன்னார். நாய் உட்கார்ந்தது. தலைவழியே மழை ஒழுக, இவர்கள் கடந்து போகும்வரை அவர் அப்படியே நின்றார்.

“எவ்வளவு மரியாதை பாரு! நேரத்தை மதிக்கிறவனை இவங்க மதிப்பாங்க,” என்றான் சேஷாத்ரி.

ஐந்து இருபத்தொன்பதுக்கு வாசலில் நின்றான். விரலைப் பெல்லின்மேல் வைத்து நொடிமுள்ளைப் பார்த்தான். சரியாக ஐந்தரைக்கு அழுத்தினான்.

கதவு அந்தக் கணமே திறந்தது. யான்சன், அவர் மனைவி அன்னா, சின்னப் பெண், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண்மணி என நாலு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்தப் பெண்மணி ஞானமலர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறதாம். அன்னாவோடு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாராம். தமிழர்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று அழைத்திருக்கிறார்கள்.

“வாங்கோ, வாங்கோ. நல்லா நனைஞ்சு போனியள். முதல் தலையைத் துடையுங்கோ,” என்று அவர் துவாலையை நீட்டினார்.

மேசையில் கேக்கின் ஒரு பக்கம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. மெழுகுவர்த்தி பாதி எரிந்திருந்தது. குழந்தைக்குப் பசி பொறுக்கவில்லை போலும் என்று சேஷாத்ரி நினைத்துக்கொண்டான். மூன்று ரோஜாக்களையும் அன்னா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

யான்சன் தொண்டையைச் செருமினார். “சேஷாத்ரி, உங்கள் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.”

சேஷாத்ரியின் மார்பு விரிந்தது. “எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இதில் கண்டிப்பு.”

“மழையிலும்கூடவா?” என்றாள் அன்னா.

“மழையோ பனியோ, விடமாட்டோம்.”

“அலுவலகத்தில் நீங்கள் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லையே?”

“முன்பு கொஞ்சம் தவறிவிட்டேன். மன்னிக்க வேண்டும். நாளையிலிருந்து தினமும் செய்வேன்.”

யான்சன் கோப்பையைக் கீழே வைத்தார். அவர்கள் அலுவலகம் எட்டு மாடிக் கட்டடம். “தினமும் வேண்டாம்,” என்றார் மெதுவாக. “உங்களால் முடிந்தபோது போதும்.”

எவ்வளவு பெரிய மனசு என்று சேஷாத்ரி உருகிப்போனான். ஞானமலர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் இருமினார்.

அதன்பின் எல்லாமே இனிதாக நடந்தது. முறுக்கு டப்பா காலியானது. சின்னப் பெண் வசுந்தராவின் மடியைவிட்டு இறங்கவில்லை. விடைபெறும்போது யான்சன் கையைக் குலுக்கி, “நிரந்தரக் கடிதத்தில் நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்,” என்றார்.

மழை விட்டிருந்தது. ஞானமலரும் ரயில் நிலையம்வரை கூடவே வந்தார். சேஷாத்ரியின் கால் தரையில் பாவவில்லை.

“பார்த்தீங்களாக்கா? நேரத்துக்குப் போனது ஒண்ணுதான். அந்த ஒரு மேனர்ஸ்ல வேலையே நிரந்தரமாயிடுச்சு!”

ஞானமலர் நின்று, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“தம்பி, தமிழ் ஆக்கள் விருந்துக்கு வந்தா வீட்டைச் சுத்திப்போட்டுத்தான் உள்ளுக்கை வருவினமோ எண்டு அவை என்னட்டைக் கேட்டவை, நானும் உங்கடை மரியாதை போகக்கூடாதெண்டு ஓம் எண்டிட்டன், ஆனா இனிமேல் ஞாபகம் வைச்சிருங்கோ, டொச்சிலை, அதுதான் ஜெர்மன் பாசையிலை, ‘அரை அஞ்சு’ எண்டு சொன்னா அது அஞ்சரை இல்லை, நாலரை.”