மூன்றாம் மாடியில் டாங்குய் வாசனை

"யாருக்கு?" என்று கேட்டார் மருந்துக்கடை யுவான்.

லின் ஷோயே எதிர்பார்க்காத கேள்வி அது. மின்ஷியான் ஊரில் டாங்குய் வேர் விளையாத நிலமே கிடையாது. அரைக் கிலோ வேர் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டியதுதானே, என்ன விசாரணை?

"வீட்டுலதான்" என்றார் லின்.

"வீட்டுல யாருக்குன்னு தெரிஞ்சாத்தானே தலைப் பக்கம் வெட்டணுமா, வால் பக்கமான்னு தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு குணம் சார்."

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் லின்னிடம் படித்தவர்கள். முப்பத்தோரு வருடமாக ஊர்ப் பள்ளியில் ஒழுக்கப் பாடம் நடத்துகிறவர் அவர். காலம் தவறாமை, கட்டுப்பாடு, தினசரிக் கடமை என்று அவர் பேசாத நாள் இல்லை. அப்படிப்பட்டவரின் குடல் மட்டும் இந்த வசந்தத்தில் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. உள்ளூரில் சொல்ல வெட்கப்பட்டு, பேருந்து ஏறி லான்ஜோவுக்குப் போய் ஒரு வைத்தியரைப் பார்த்தார். அவர் மற்ற மருந்தெல்லாம் கொடுத்துவிட்டு, "டாங்குய்யை மட்டும் உங்க ஊர்லயே வாங்கிக்கோங்க. உங்க ஊர் வேரையே உங்களுக்கு விக்க எனக்குக் கூச்சமா இருக்கு. தினமும் கஷாயம் வெச்சுக் குடிங்க, குடல் இளகிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

"என் மனைவிக்கு" என்றார் லின்.

"ஸூஃபென் அக்காவுக்கா? பொண்ணு வீட்டுல லான்ஜோவுலல்ல இருக்காங்க?"

"வந்துட்டா."

யுவான் தலையாட்டிக்கொண்டே வேரைச் சீவினார். பொட்டலத்தில் கூடுதலாக ஒரு கைப்பிடி செம்பேரீச்சையும் போட்டார். "அக்காவுக்கு என் அன்பளிப்பு" என்றார். முன்னாள் மாணவர்கள் இருவரும் மரியாதையாக எழுந்து வழிவிட்டார்கள். லின்னுக்குக் காது சுட்டது.

மறுநாள் காலையில் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு முதல் கஷாயத்தை வைத்தார். டாங்குய்யின் வாசனை சும்மா இருக்கிற வாசனையா? செலரித் தண்டையும் பழைய அலமாரியையும் சேர்த்து வேகவைத்தது போல வீடு முழுக்க ஏறியது. அறுவடைக் காலமாக இருந்தால் ஊரே அந்த மணத்தில் மிதக்கும், யாரும் மூக்கைத் திருப்ப மாட்டார்கள். இது மே மாதம். மே மாதத்தில் ஒரு வீட்டில் டாங்குய் கொதிக்கிறது என்றால் அங்கே ஒரு பெண் இருக்கிறாள், அதுவும் பிள்ளை பெற்ற பெண் என்றுதான் ஊர் நினைக்கும்.

பள்ளி விட்டுத் திரும்பியபோது, இரண்டாம் மாடிப் படியிலேயே அந்த வாசனை அவரை எதிர்கொண்டது. காலையில் வைத்த கஷாயம் சாயங்காலம் வரை நிற்கிறதே என்று லின் நடுங்கிப்போனார். வீட்டுக்குள் போனதும் ஈரத் துண்டைச் சுருட்டிக் கதவின் அடியில் செருகினார். செருகி நிமிர்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

கீழ் வீட்டு ஹூ அக்கா. ஐம்பது வயது, கணவன் இல்லை, மகள் ஷென்ஜெனில் வேலை பார்க்கிறாள். கையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸோடு நின்றாள்.

"அக்கா வந்துட்டாங்களாமே, யுவான் சொன்னாரு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"தூங்கறா" என்றார் லின்.

அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த கைபேசி அடித்தது. லின் பதறிப்போய் அழுத்தியதில் ஒலிபெருக்கி போட்டுக்கொண்டது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? இங்க லான்ஜோவுல ஒரே மழை. பேத்திக்குப் பல்லு முளைச்சிருக்கு" என்றது ஸூஃபென்னின் குரல்.

லின் அழைப்பைத் துண்டித்தார். ஹூ அக்கா அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு அடுப்பு மேலிருந்த மண்சட்டியைப் பார்த்தாள். மூக்கை லேசாக உறிஞ்சினாள்.

"அப்போ உள்ள தூங்கறது யாரு சார்?"

"அது... என் சித்தப்பா மக வயித்துப் பேத்தி. கிராமத்துல இருந்து வந்திருக்கா. உடம்பு சரியில்ல."

ஹூ அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எத்தனை நாளாச்சு?"

லின்னின் மனதில் அப்போது இருந்தது ஒரே ஒரு கணக்குத்தான். யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "நாலு நாள்."

"நாலு நாள்தானா? பாவம். ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"ரொம்ப" என்றார் லின், மனமார.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும். பையனா, பொண்ணா?"

அப்போதுதான் லின்னுக்குப் பேச்சு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. 'அம்மா, அது எனக்கு, என் வயிறு' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வாயைத் திறந்தார். போன மாதம்தான் இதே ஹூ அக்காவின் முன்னால் நின்று, குடியிருப்புக் கூட்டத்தில் 'உடலை ஆளத் தெரிந்தவனே உலகை ஆள்வான்' என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தார்.

"பொண்ணு" என்றார்.

ஹூ அக்கா அவரை வெகுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் விழுங்கிக்கொண்டது போலிருந்தது. "மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள். லின் தரையைப் பார்த்தார்.

"புரியுது சார். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஹூ அக்கா. குரலில் கேலியே இல்லை. அதுதான் லின்னை இன்னும் கூசவைத்தது.

மூன்றாம் நாள் காலையில் ஐந்தாம் மாடி பெய் அம்மாள் முப்பது முட்டையும் ஒரு கட்டி நாட்டுச் சர்க்கரையும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "நான் ஒண்ணும் கேக்கல சார். பச்சை உடம்புக்கு வேணும்ல" என்றாள். அன்று மாலை முதல் மாடியிலிருந்து உயிருள்ள கறுங்கோழி ஒன்று கால் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. அது நாற்காலி அடியில் உட்கார்ந்து லின்னையே பார்த்தது.

நல்லவேளையாக ஹூ அக்கா கை கொடுத்தாள். "உங்களுக்குக் கோழி அடிக்கத் தெரியுமா சார்? குடுங்க, நான் கீழ சமைச்சு அந்தப் பொண்ணுக்கு எடுத்துட்டு வரேன்." முட்டை, சர்க்கரை, கோழி எல்லாவற்றையும் அவள் கீழே கொண்டுபோனாள். சமைத்து எதுவும் மேலே வரவில்லை. இல்லாத பெண்ணுக்கு வராத சாப்பாட்டைப் பற்றிக் கேட்க லின்னுக்கு என்ன முகம் இருக்கிறது? வராததே நிம்மதி என்று இருந்துவிட்டார்.

வாசனையை ஒழித்தால் பேச்சு ஒழியும் என்று அவருக்குத் தோன்றியது. சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கஷாயம் வைக்க ஆரம்பித்தார். வீட்டில் ஒரு துண்டு வேர் கூட இல்லை. அப்படியும் இரண்டாம் மாடிப் படியில் கால் வைத்தால் அதே வாசனை, முன்னைவிடக் கனமாக, கோழிச் சாறும் சேர்ந்தாற்போல. சுவரில் ஊறிவிட்டது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி வினிகரை எடுத்துக்கொண்டு படிகளை ஒவ்வொன்றாகக் கழுவினார்.

அந்தப் பக்கம் வந்த பெய் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்சைக் குழந்தைக்குக் கிருமி அண்டக் கூடாதுன்னு எப்படிப் பாத்துப் பாத்துச் செய்யறீங்க. பெத்த அப்பன் கூட இப்படிச் செய்ய மாட்டான் சார்" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே உறைத்தது போல, படியேறி ஓடிவிட்டாள்.

மறுநாளிலிருந்து 'சித்தப்பா மக வயித்துப் பேத்தி' என்ற உறவு யார் வாயிலும் வரவில்லை. பெண்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஆண்கள் தோளைத் தட்டி சிகரெட் நீட்டினார்கள். யுவான் கடை வாசலில் நின்று, "சார், இந்த வயசுல... பரவால்ல, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார்.

லின்னுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடம் முன்பு இதே கட்டடத்தில் தையல்கார ஸோவின் மகள், கல்யாணம் ஆகாமலே மாசமாகித் திரும்பி வந்திருந்தாள். லின் கூட்டம் கூட்டினார். பேரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் ஸோவைத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு மணி நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹூ அக்கா கூடத் தட்டினாள். ஸோ மட்டும் மடியில் இருந்த தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் தையல் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். அந்தத் தொப்பி லின்னுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஸூஃபென் பெட்டியோடு வந்து இறங்கினாள். யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். லின் பள்ளியிலிருந்து வந்தபோது மூன்றாம் மாடி வாசலில் கட்டடமே கூடியிருந்தது. பெய் அம்மாள் ஸூஃபென்னின் கையைப் பிடித்துக்கொண்டு, ஸூஃபென்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க அவ?" என்றாள் ஸூஃபென்.

"யாரு?"

"கதவைத் திறங்க."

லின் திறந்தார். ஸூஃபென் உள்ளே போனாள். அறை, குளியலறை, அலமாரி, கட்டில் அடி எல்லாம் பார்த்தாள். பின்னாலேயே பெய் அம்மாளும் பார்த்தாள். செய்தித்தாள் சுற்றிய லான்ஜோ மருந்துப் பொட்டலம் ஒன்றுதான் அகப்பட்டது. ஸூஃபென் அதிலிருந்த வைத்தியர் சீட்டைப் பிரித்துப் படித்தாள். அவள் முகம் கோபத்திலிருந்து வேறு எதற்கோ மாற ஆரம்பித்தது.

"இது உங்க பேருல இருக்கு" என்றாள். "மலச்..."

"படிக்காத" என்றார் லின். பிறகு, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று, வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பில் நிற்பது போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், அதுகூடப் பழக்கதோஷம்.

"எனக்கு வயிறு சரியாப் போகல. மூணு வாரமா. இங்க பொண்ணும் இல்ல, குழந்தையும் இல்ல. டாங்குய் எனக்குத்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

முதல் மாடிக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. ஸூஃபென் பெட்டி மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ அந்த நாலு நாள்?" என்றாள் பெய் அம்மாள்.

"அதுவும் அதுதான்."

லின் நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். ஸோ குடும்பத்தைப் பத்தி நான் அன்னைக்குப் பேசினேனே, அது தப்பு. ரொம்பத் தப்பு. இந்த ஒரு வாரமாத்தான் எனக்கு உறைச்சுது. அவர் எங்க இருக்காருன்னு விசாரிச்சுப் போய்க் கால்ல விழப்போறேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். எல்லோருக்கும் பின்னால், படியில் நின்ற ஹூ அக்காதான் முதலில் பேசினாள். அவள் குரல் வழக்கத்துக்கு மாறாக உரத்திருந்தது.

"சார் பொய் சொல்றாரு. மானத்துக்குப் பயந்து மறைக்கிறாரு. அந்தப் பொண்ணை வேற எங்கயோ அனுப்பிட்டாரு. சமைச்சுப் போட்டவ நான், எனக்குத் தெரியாதா?"

"நீங்க அவளைப் பாத்தீங்களா?" என்றார் லின், திகைத்துப்போய்.

"பாத்தேன்" என்றாள் ஹூ அக்கா. சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்க்காமல் முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துண்டை முறுக்கினாள்.

"சார், நான் பாக்கல. ஆனா குழந்தை அழற சத்தம் கேட்டேன்" என்றாள் பெய் அம்மாள். "படியேறும்போது ரெண்டு தடவை கேட்டேன். காதால கேட்டதை எப்படி இல்லைன்னு சொல்றது?"

"நானும் கேட்டேன்" என்றார் முதல் மாடிக்காரர்.

ஸூஃபென் பெட்டியிலிருந்து எழுந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இல்லாத குழந்தை எப்படி அழும்? லின் தன் வீட்டைத் தானே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் சடசடவென்று மழை அடிக்க ஆரம்பித்தது.

அப்போது கீழேயிருந்து காவலாளி கெங் செருப்பை இழுத்துக்கொண்டு படியேறி வந்தார். எழுபது வயது, இரண்டு காதும் மந்தம். இந்த ஒரு வாரப் பேச்சில் ஒரு வார்த்தை கூட அவர் காதில் விழுந்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர், நடுவில் ஹூ அக்காவைக் கண்டதும் நின்றார்.

"ஏம்மா ஹூ, உன்னை எங்கெல்லாம் தேடறது? மொட்டை மாடில உன் மகளோட கைக்குழந்தைத் துணியெல்லாம் நனையுது, போய் எடும்மா."