பேராசிரியருக்கு முன்னால் நான் பாடிய மங்களம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்துவிட்டது. இப்போது ஞாபகமும் நழுவுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நிற்க வைத்தால் என் பெயரே எனக்கு வாயில் வராது. அப்படிப்பட்ட என்னைப் போன வருஷம் மேடையேற்றினாள் என் மருமகள் செல்வி.

அவள் நூலக வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மண்டபத்தில், பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி அவள் நடத்தும் முதல் கூட்டம் அது. அந்தக் காலப் பத்திரிகைகளில் 'மங்களம்' என்ற சொல் பக்தியில் என்ன பொருளில் வந்தது, இலக்கியத்தில் என்ன பொருளில் வந்தது என்று ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. அவளுடைய மேலதிகாரியும் வருகிறார்.

"அத்தை, அவருக்கு முன்னால நீங்க ரெண்டே நிமிஷம் பேசுங்க. பஜனை முடியறப்ப மங்களம் பாடுவாங்க, பேப்பர்லயும் 'மங்களம் பாடி இனிதே முடிந்தது'ன்னு போடுவாங்க. அவ்ளோதான் லா."

"சொதப்பிடுவேன்மா."

"ஒண்ணும் ஆகாது. இது நல்லா நடந்தாதான் அடுத்த கூட்டத்தையும் என்கிட்ட குடுப்பாங்க."

மைக்கைப் பார்த்ததும் அவ்வளவும் மறந்துவிட்டது. முன்வரிசையில் பேராசிரியர் ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். (அவர் மூக்குக்கண்ணாடி வேறு பளபளவென்று மிரட்டியது.) பேசத்தானே வராது, பாடிக் காட்டிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பஜனையில் பாடுகிற மங்களத்தை முதலிலிருந்து கடைசிவரை பாடினேன்.

வந்திருந்தவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள். மங்களம் காதில் விழுந்தால் கை கால் தானாக வேலை செய்யும். எழுந்தார்கள், கும்பிட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நேராகப் பின்பக்கம் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். நான் கண்ணைத் திறந்தபோது எதிரே பேராசிரியரையும் மேலதிகாரியையும் தவிர வெறும் நாற்காலிகள். கேட்டரிங்காரரும் மூடியைத் திறந்து பீஹூன் என்கிற அரிசிச் சேமியாவைப் பரிமாற ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் முடியல! சாப்பிடாதீங்க!" செல்வி ஓடினாள்.

"அதான் மங்களம் பாடியாச்சே லா!" என்றார் ஒரு பெரியவர், தட்டில் வடையோடு.

"அங்கிள், ப்ளீஸ், வந்து உக்காருங்க!"

"மங்களத்துக்கு அப்புறம் எப்படிம்மா உக்கார்றது? நல்லதில்ல."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. (மேடைக்கு அடியில் ஒளிய இடம் இருக்கிறதா என்று நான் நிஜமாகவே குனிந்து பார்த்தேன்.) பேராசிரியர் எழுந்தார். காகிதக் கட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, மைக்கோடு சாப்பாட்டு வரிசைக்கே போனார்.

"மங்களம் கேட்டதும் முடிஞ்சுதுன்னு எழுந்து வந்தீங்களே, அதான் பக்திப் பொருள்! புத்தகம் எழுதுறவங்க, தடங்கல் இல்லாம முடியணும்னு ஆரம்பத்துலயே மங்களம் வெச்சாங்க. அது இலக்கியப் பொருள். பத்திரிகைக்காரங்க ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. நீங்க சாப்பிடுங்க, நான் பேசறேன்."

பத்து நிமிஷம்தான் பேசினார். வாய் நிறைய பீஹூனோடு எல்லோரும் கேட்டார்கள், கேள்வியும் கேட்டார்கள். மேலதிகாரிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்த கூட்டமும் செல்விக்கே கிடைத்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: "உங்க மாமியாரைக் கடைசியில போடுங்க."

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பாமல் பேசிக்கொண்டே இருந்தால், என் மகன் அடுப்படிக்கு வந்து, "அம்மா, கொஞ்சம் பாடுங்களேன்" என்கிறான்.

பேராசிரியர் சொன்ன விளக்கத்தை அன்றைக்கு வெட்கத்தில் நான் பாதிதான் கேட்டேன். தப்பாக எழுதியிருந்தால், தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவரிடமே கேட்கலாம்தான். என்னைக் கண்டாலே மனிதர் எழுந்து நின்று, "சாப்பாடு எந்தப் பக்கம்மா?" என்கிறார்.