மாமியாரை நான் புதைத்த கார்த்திகை

எனக்குப் பேய் பயம் கிடையாது. யாருக்காவது பேய் பிடித்தால் என்னைக் கூட்டிப்போய் எதிரில் உட்கார வைத்தால் போதும், அதுவே ஓடிவிடும் என்பார் என் வீட்டுக்காரர். நான் கத்துகிற கத்து அப்படி. அப்பேர்ப்பட்ட நான் ஒரு திராட்சைக் கொடியைப் பார்த்து மூன்று நாள் நடுங்கினேன். அதன் முன்னால் நின்று மன்னிப்பும் கேட்டேன். நான் சொல்லாவிட்டாலும் கம்பத்தில் வேறு யாராவது உங்களிடம் இதைச் சொல்லத்தான் போகிறார்கள். (அவர்கள் சொல்வதில் பாதி பொய்.)

வீட்டுக்காரர் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளில் வீட்டில் நான், என் தையல் மிஷின், என் மாமியார். கொல்லைப்புறத்தில் மாமியாருடைய பன்னீர் திராட்சைக் கொடி. எட்டு வருஷமாக அவர் வளர்த்தது. யாரையும் தொட விடமாட்டார், அவரும் கத்தரி வைக்கமாட்டார். பந்தல் முழுக்க ஏறி, மொட்டை மாடி வரை போய்விட்டது. காய்ப்பது என்னவோ நாலு கொத்து, அதுவும் புளிப்பு. சித்திரையில் நிழல் தரும், ஒத்துக்கொள்கிறேன். ஆடிக் காற்றில் நாளைக்கு மூன்று தடவை சருகு கூட்ட வேண்டும். ஐப்பசி மழையில் கம்பளிப் பூச்சி. வருஷம் முழுக்க வௌவால்.

அந்தக் கார்த்திகையில் என் நாத்தனாரைப் பிரசவத்துக்கு அல்லிநகரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாமியார் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார். தெருவில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம வந்துருவேன். எங் கொடியில கைய வச்ச, மனுசியா இருக்கமாட்டேன்."

போன அவசரத்தில் போனை அடுப்படியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ரவிக்கையை இஸ்திரி போட்டுக் கொல்லையில் ஆறப் போட்டிருந்தேன். மயில் கழுத்துப் பச்சைப் பட்டு. திரும்பி வந்தால் அதன் முதுகில் வௌவால் எச்சம்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. துணி வெட்டும் கத்தரியை எடுத்தேன், அரிவாளை எடுத்தேன், ஸ்டூலில் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் பந்தலில் விரல் நீளக் குச்சிகள் தவிர எதுவும் இல்லை. வெட்டியதையெல்லாம் உரமாகட்டும் என்று கொல்லையிலேயே ஆள் நீளத்துக்குக் குழி தோண்டி, கட்டி இழுத்துப்போய்ப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மடச்சி.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். சொட். சொட். சொட்.

மழை இல்லை. பனி இல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் பந்தலுக்குக் கீழே தரை முழுக்க நனைந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். நான் வெட்டிய ஒவ்வொரு குச்சி நுனியிலும் ஒரு துளி நின்று கனத்துக் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் உடனே இன்னொன்று. ஐம்பது அறுபது கண் ஒரே நேரத்தில் அழுதால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. சத்தம் மட்டும் இல்லாத அழுகை. வௌவால்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

நான் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம், மானாவாரி பூமி. எங்கள் ஊரில் மரத்தை வெட்டினால் காயும், அடுப்புக்குப் போகும். அழாது.

நிறுத்தப் பார்த்தேன். மெழுகை உருக்கி வைத்தேன், பிதுக்கித் தள்ளியது. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினேன். ஊதிக்கொண்டு கழன்று விழுந்தது. களிமண் அப்பினேன், கரைந்து என் தலையிலேயே வந்தது. உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருந்தது. கடைசியில் தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த லைனிங் துணியைக் கிழித்து, அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போடுவதுபோல ஒவ்வொரு குச்சிக்கும் கட்டினேன். என் நேரம், அது சிவப்பு லைனிங். மட்டத் துணி.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மலைப் பக்கம் வெயில் இறங்கிவிட்டது, விளக்குப் போடும் அளவு இருட்டவில்லை. துவைக்கிற கல் முழுக்கச் சிவப்பு. பந்தலிலிருந்து சிவப்பாகச் சொட்டி, கல்லில் தேங்கி, மூடிய குழியை நோக்கி ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. சாயம் என்று என் மூளைக்குத் தெரிந்தது. கால்களுக்குத் தெரியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கைகூப்பினேன்.

"வெட்டுனது தப்புத்தான். கோவத்துல வெட்டிட்டேன். இப்பிடி விடாமச் சொட்டுனா நான் என்னதான் பண்ணுவேன்? ஞாயித்துக்கெழம வந்து கேட்டா என்னான்னு சொல்லுவேன்? நின்னு தொலையேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பூனை என்று நினைத்தேன். பூனை இல்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் மாமியாரின் போன் அடித்தது. யாருமில்லாத வீட்டில் போன் அடித்தால் இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. என் கையெல்லாம் களிமண்ணும் சாயமும். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. நாலு தடவை.

பிறகு வாசல் கதவு தட்டப்பட்டது. எஸ்தர் அக்கா, அவர் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணன், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. எஸ்தர் அக்கா என் சிவந்த கையைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"ஏ செல்வி, ஒங்க அத்த எங்க போனாக?"

"அல்லிநகரம் போயிருக்காக."

"நாங்க ஒருத்தரும் பாக்கலையே. போன் போட்டா உள்ளல்ல அடிக்குது?"

"விட்டுட்டுப் போயிட்டாக."

"அப்ப ஒன் நாத்தனாளக் கூப்புடு. பேசட்டும்."

கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்குள் சாமுவேல் அண்ணன் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அங்கன என்னம்மா குழி?"

இந்த இடத்தில் புத்தியுள்ள பொம்பளை என்ன சொல்வாள்? குப்பை என்பாள். நான் சொன்னது இது:

"ஆமா, எம் மாமியாள வெட்டிப் பொதச்சிருக்கேன். தோண்டிப் பாரு!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவி மாரில் கைவைத்துக்கொண்டாள். யாரோ மண்வெட்டி கொண்டுவந்தார்கள். சாமுவேல் அண்ணன் குழியருகே போனார். என் வீட்டுக் கொல்லையில், என் கண் முன்னால், என் மாமியாரைத் தேடினார்கள். கோபத்தில் வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்தேன். அதைப் பார்த்து, "அழுகுறா பாரு" என்றது ஒரு குரல்.

நாலு வெட்டு. ஐந்தாவது வெட்டில் மண்வெட்டி மெத்தென்று எதிலோ மாட்டியது. சாமுவேல் அண்ணன் இழுத்தார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சேலைத் தலைப்பு வந்தது. மாமியாரின் ஊதா நூல் சேலை. ஊரே பார்த்த சேலை.

எஸ்தர் அக்கா போட்ட கூச்சல் கூடலூர் வரை கேட்டிருக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோபத்தில்தான் எனக்குக் கண் தெரியாதே! அப்புறம்தான் ஞாபகம் வந்தது: தழையையெல்லாம் அந்தப் பழைய சேலையில் கட்டித்தானே இழுத்து வந்தேன்.

"அது தழை கட்டுனது, அக்கா..." என்று ஆரம்பித்தேன். யார் கேட்கிறார்கள்?

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு செத்தா?"

திரும்பிப் பார்த்தால் தோளில் ஒயர்கூடையுடன் என் மாமியார். எஸ்தர் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இயேசுவே, இயேசுவே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"பொம்பளப் பிள்ள பொறந்திருக்குன்னு சொல்லவும், பிள்ளைக்கு விரிக்கப் பழைய சேல எடுக்கவும் வந்தேன்" என்ற மாமியாரின் கண், சாமுவேல் அண்ணன் கையில் மண்ணோடு தொங்கிய சேலைக்குப் போனது. எந்தச் சேலைக்காக வந்தாரோ அந்தச் சேலை. பிறகு மேலே பார்த்தார். மொட்டைப் பந்தல். ஐம்பது சிவப்புக் கட்டு.

"யாரு?"

"நாந்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரல் எழும்பவில்லை.

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. பந்தலுக்குக் கீழே போய் நின்றார். முகத்தில் ஒரு சிவப்புத் துளி விழுந்தது. துடைக்கவில்லை. அந்தக் கொடி செத்திருந்தால் இந்த வீட்டில் நானும் அவரும் இனி ஒரு பானைச் சோறு தின்னமுடியாது என்று அந்த நிமிஷம் புரிந்தது.

சாமுவேல் அண்ணன் திராட்சைத் தோட்டங்களில் கொடியைக் கழித்துவிடும் கவாத்து வேலைக்குப் போகிறவர். ஸ்டூலில் ஏறி ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கவாத்து வெட்டுனா நாலு நாளைக்குத் தண்ணி விடும்மா. கம்பத்துல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாமயா? இதுக்கா கட்டுப் போட்டு வச்சிருக்க? அறுத்து விடு, மூச்சு முட்டப்போகுது."

"பொழைக்குமாய்யா?" என்றார் மாமியார்.

"வெட்டு கன்னாபின்னான்னு இருக்கு. பாப்போம்."

ஒரு பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு மாமியார் அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தார், என்னிடம் பேசவில்லை. பன்னிரண்டு நாள். உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். நான் நாளைக்குப் பத்துத் தடவை கணுவைத் தடவிப் பார்த்தேன். பதின்மூன்றாம் நாள் காலையில் கொல்லையிலிருந்து, "அடியே கழுத, இங்க வா" என்றார். என்னைக் கழுதை என்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். கணுவில் எலிக்காது போல ஒரு தளிர்.

பங்குனியில் காய்த்தது முப்பத்திரண்டு கொத்து. அதன்பின் ஒவ்வொரு கவாத்துக்கும் கத்தரியை என் கையில் கொடுப்பதே மாமியார்தான். கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய், "ஏ எஸ்தரு, நல்லாப் பாத்துக்க. இப்ப உசுரோடதான் இருக்கேன். சாயங்காலம் ஒருக்கா வந்து எட்டிப் பாரு" என்பார். எஸ்தர் அக்காவும் தவறாமல் எட்டிப் பார்ப்பார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பிறந்த நாத்தனார் மகளுக்கு இப்போது நாலு வயது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ, போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு நின்றவர் முதல் எல்லாரும் கேட்க, என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்கிறது:

"அத்தை, அம்மாச்சி மறுபடி எப்பிடி வெளிய வந்தாக?"