ஜன்னலோரப் பெட்டியும் கூரை ஒழுகும் மூலையும்

அன்புள்ள கொழுந்தனார் தியோடருக்கு,

அண்ணி லெட்டிஷியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சுகம். முழங்கால் சற்றுக் குறைவாக. நீங்களும் மேபலும் நலமாயிருக்கக் கர்த்தர் அருள்வாராக.

முதலில் நன்றி. நம் புனித ஆல்பன் ஆலயத்தைப் பழுதுபார்க்க உங்கள் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்திலிருந்து திரு. டோபியாஸ் லண்டியை அனுப்பினீர்கள். நல்ல மனிதர், காலைத் துடைக்காமல் உள்ளே வந்ததில்லை. முன்பு வந்தவர்கள் செங்கல் இடுக்கில் சிமெண்டைத் திணித்துச் சுவரை மூச்சுமுட்ட வைத்திருந்தார்கள். இவர் அதைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டார். வேலை தொடங்கும்முன் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தவள் நான்: கட்டியபோது எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்ப வேண்டும், எவருக்கும் சலுகை கிடையாது. கன்னியர் மடத்துப் பள்ளியில் சகோதரி பெர்பெச்சுவா எங்களை அப்படித்தான் வளர்த்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வினையும் அங்கேதான் தொடங்கியது.

நம் குடும்பப் பெயர் எழுதிய கதவும் சுற்றிலும் மரத்தடுப்புமாக ஆலயத்தில் நமக்கிருக்கும் ஜன்னலோரப் பெட்டி இருக்கையை நீங்கள் அறிவீர்கள். பிரசங்கத்தில் தூங்கிவிடாமலிருக்க உங்கள் அண்ணன் ஆம்ப்ரோஸ் ஷூ நுனியால் தட்டித் தட்டிப் பலகையில் ஒரு குழியே விழுந்திருக்கிறது. அவர் காலமான பிறகு எனக்கென்று மிச்சமிருந்த இடம் அது. கதவைத் தாழிட்டு, தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். தூணுக்குப் பின்னால், கூரை ஒழுகும் மூலையில் ஹெஸ்டர் கில்யார்டின் பெட்டி. மழை நாளில் அவள் குடை விரிப்பாள். ஆராதனையில் குடை விரிப்பது அநாகரிகம் என்று இரண்டு முறை அவளுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை டோபியாஸ் கதவுச் சாயத்தைச் சுரண்டினார். நின்றார். மூலைக்குப் போனார். திரும்பி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இந்தக் கதவு இந்தப் பெட்டியோடது இல்ல. கீல் இருந்த தடம் அந்த மூலையிலதான் பொருந்துது. அந்தக் காலத்து நிலநடுக்கத்துல ரெண்டு கதவும் கழண்டு விழுந்ததை யாரோ மாத்தி மாட்டிட்டாங்க."

பலிபீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்த ஹெஸ்டர் திரும்பினாள். "அப்ப இத்தனை வருஷமா நான் நனைஞ்சது உங்க பங்கு மழையிலயா அக்கா?"

தீர்மானம் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை என் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நானே மூலைக்கு நடந்தேன். மொத்த சபையும் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு என்னைப் பார்த்தது. உட்கார்ந்தால் தூணைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்போது ஜன்னலோரப் பெட்டியின் கதவு திறந்தது.

"இங்க வாங்கக்கா," என்றாள் ஹெஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்தத் தூண் பிரசங்கம் பண்ணாது. வந்து அந்தக் குழி விழுந்த பலகைப் பக்கமா உக்காருங்க. அது உங்க வீட்டுக்காரர் இடம், எனக்குத் தெரியாதா?"

போனேன். அவள் கைப்பையில் எள் பிஸ்கட் இருந்தது. சபையார் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்வதற்கு முன் ஒன்று தந்தாள். ஆராதனையில் நான் எதையும் தின்றதில்லை, தின்றேன். தியோடர், ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியில் என் பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இதற்காகத்தான் முக்கியமாக உங்களுக்கு நன்றி. ஆதாரத்தை மதித்தால் நன்மையே விளையும் என்று உங்கள் சங்கத்தாருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மேபலுக்கு என் முத்தங்கள். உங்கள் இருமலையும் கர்த்தர் கவனிக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி லெட்டிஷியா

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் டோபியாஸ் வந்துவிட்டார். இன்னும் பழைய சாயம் ஒன்று அடியில் இருந்ததாம். நிலநடுக்கத்துக்கு வெகுகாலம் முன்பே யாரோ கதவுகளை மாற்றியிருக்கிறார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு மாட்டியவர்கள் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். ஜன்னலோரம் ஆதியிலிருந்தே நம்முடையது. பழைய கீல் துளைகளை அடைத்து மேலே இரண்டு பூச்சு வெள்ளைச் சாயம் அடிக்கச் சொல்லிவிட்டேன். சங்கத்தாரிடம் மூச்சு விடாதீர்கள். "அம்மா, உங்க தீர்மானம்?" என்றார் டோபியாஸ். "எள் பிஸ்கட் எடுத்துக்கோங்க. ஹெஸ்டர் பண்ணது," என்றேன்.