பெஞ்சில் உட்கார்ந்த சவுண்டு கார்டு

"அது யாருப்பா லெகசி?"

தாளாளர் வெற்றிசெல்வன் கேட்டதும், வாசலில் யாரோ வந்து நிற்கிறார்களாக்கும் என்று செம்மல் திரும்பிப் பார்த்துவிட்டான். தாளாளரின் விரலோ கம்ப்யூட்டர் திரையில் இருந்தது.

"அது ஆள் இல்லீங்க சார். பழைய மாடல் ஸ்லாட்டு, கார்டு சொருகுற எடம்."

"பழசா? நம்ம காலேஜ்லயா?"

குன்றாண்டார்கோவில் சாலையில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது வெற்றி யுனிவர்சல் பாலிடெக்னிக். அங்கே 'நவீன' என்ற சொல் இல்லாத பலகை கிடையாது. நவீன உணவகம், நவீன குடிநீர்க் குழாய், நவீன சைக்கிள் நிறுத்தம். காவலாளியின் நாய்க்கு மட்டும்தான் இன்னும் பலகை மாட்டவில்லை.

"சார், இது நெசமான கம்ப்யூட்டரே இல்லீங்க. நம்ம பெரிய சர்வருக்குள்ள கற்பனையா ஓடுற கம்ப்யூட்டரு. அதுக்குள்ள இருக்கிற ஸ்லாட்டும் கற்பனைதான், கார்டும் கற்பனைதான். யாரு கண்ணுக்கும் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத எடத்துலயும் நம்ம தரம் இருக்கணும் தம்பி. வியாழக்கெழமை ஆய்வுக்குழு வருது. பழசு பாக்கணும்னா அவங்க சித்தன்னவாசலுக்குப் போகட்டும். இங்க வந்தா எல்லாம் புதுசாத்தான் இருக்கணும். புது ஸ்லாட்டுக்குப் பேரென்ன?"

"எக்ஸ்பிரஸ் சார்."

"பேரே எவ்வளவு கம்பீரமா இருக்கு! எல்லாத்தையும் எக்ஸ்பிரஸ்ல ஏத்து. ஆய்வு முடியட்டும், ஒன்னைய நெரந்தரம் பண்ணிடுறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் செம்மலின் வாயை அடைத்தது. மூன்று வருடமாக அவன் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியன். அரிமளத்தில் பிரகதீஸ்வரிக்கு அவனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. அவளுடைய அப்பாவுக்குத்தான் ஒரே ஒரு கேள்வி. போகும்போதும் வரும்போதும் அதையே கேட்பார்: "மாப்ளைக்கு வேலை நெரந்தரமா, தற்காலிகமா?"

அலுவலக உதவியாளர் பிளெஸ்ஸி, தாளாளர் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வர்றது ஆய்வுக்குழுதானா சார்? போன்ல ஒரு அம்மா, 'உங்க சர்வரப் பாக்க வியாழக்கெழமை வரலாமா'ன்னுதான் கேட்டாங்க. அதுக்குள்ள சார் ரிசீவரப் புடுங்கி, வாங்க வாங்கன்னு மூணு தடவ சொல்லி வச்சிட்டாரு."

"சர்வரப் பாக்க வேற யாரு வரப்போறா?"

"நீங்க பழைய கார்ட உக்கார வச்ச கதைய நெட்டுல எழுதிப் போட்டீங்களே, அதைப் படிச்ச ரசிகருங்க யாராச்சும்..." என்று சிரித்தாள்.

"அதைப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். அதுவும் பாதி."

விஷயம் இதுதான். கல்லூரியின் மணியும் வருகைப் பதிவும் ஒரு பழைய விண்டோஸில் ஓடின. அதற்கான நிரலை எழுதிக் கொடுத்த ஆசிரியர் சிங்கப்பூர் போய்விட்டார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு மழையில் புகைந்து போனதும், செம்மல் அதை அப்படியே சர்வருக்குள் கற்பனைக் கம்ப்யூட்டராகக் குடியேற்றினான். எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்பது தனி நாற்காலி; ஒரு கார்டுதான் உட்காரும். பழைய ஸ்லாட்டோ பெஞ்சு. நெருக்கிப் பிடித்து நிறையப் பேர் உட்காரலாம். பழைய விண்டோஸ் பெஞ்சுக்குப் பழகியது. சவுண்டு கார்டையும் நெட்வொர்க் கார்டையும் பெஞ்சில் உட்கார வைக்க அவன் பட்ட பாட்டைத்தான் எழுதிப் போட்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை, முதலில் நெட்வொர்க் கார்டைக் கிளப்பி எக்ஸ்பிரஸ் நாற்காலியில் உட்கார வைத்தான். பழைய விண்டோஸ் கண் விழித்தது. நேற்றுவரை பழகிய அதே கார்டுதான். ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருந்ததால், கல்யாண வீட்டில் பந்தி மாறி உட்கார்ந்தவனைப் பார்ப்பதுபோல், 'நீங்க யாரு?' என்றது. நெட்வொர்க் முகவரியெல்லாம் மறந்து போயிற்று.

வாசலில் விரல் வைக்கும் கருவி யாரையும் ஏற்கவில்லை. தாளாளரும் வைத்தார். 'மீண்டும் முயலவும்' என்றது. ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று எல்லாவற்றையும் முயன்றார்.

"ஏம்ப்பா, நான் வந்திருக்கேனா இல்லையா?"

"வந்திருக்கீங்க சார். ஆனா அது நம்ப மாட்டேங்குது."

செம்மல் ஓடிப்போய்ப் பழைய முகவரியையே கார்டுக்கு எழுதினான். விண்டோஸ் மறுத்தது. எழுந்து போன கார்டு, பஸ்ஸில் துண்டு போட்டுவிட்டுப் போனவனைப் போல, தன் பழைய இடத்தில் முகவரியைப் பிடித்து வைத்திருந்தது. சரியென்று கைக்கு வந்த வேறொரு முகவரியைக் கொடுத்தான். அது தாளாளர் அறைப் பிரிண்டரின் முகவரி. அங்கே அச்சாகிக்கொண்டிருந்த வரவேற்புரை, 'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய' என்ற இடத்தில் நின்றது. தாளாளர் மீதித் தாளை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக வந்தது.

ஒரு வழியாகத் துண்டை எடுத்துக் கடாசி, பிரிண்டரைச் சமாதானப்படுத்தி நிமிர்ந்தபோது தாளாளர் பின்னால் நின்றார்.

"இன்னும் ஒண்ணு லெகசியில உக்காந்திருக்கே?"

"சவுண்டு கார்டு சார். அது எந்திரிச்சா மணி அடிக்காது."

"வர்றவங்க மணியக் கேக்க வரல தம்பி. சர்வரப் பாக்க வாராங்க."

பழைய சவுண்டு கார்டை நீக்கி, நாற்காலியில் ஒரு புது மாடலை உட்கார வைத்தான். பழைய விண்டோஸுக்கு அதனுடன் பேசும் பாஷையே தெரியவில்லை. மணி நின்றது.

மணி நின்றதால் முதல் பீரியட் முடியவே இல்லை. மெக்கானிக்கல் வகுப்பில் நடத்த வேண்டியதெல்லாம் தீர்ந்து, ஆசிரியர் தன் கல்யாணக் கதையைத் தொடங்கி, முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்க, "பேரு வச்சிட்டுப் போலாம் உக்காரு" என்றார்.

பிளெஸ்ஸி மூச்சிரைக்க வந்தாள். "சார், பசங்க மயங்கி விழப் போறாங்க. எதாச்சும் பண்ணுங்க."

செம்மல் சுற்றுமுற்றும் பார்த்தான். தாளாளர் கண்ணில் படாதபடி, திரையிலிருந்த கார்டுப் பட்டியலின் அடி மூலையில், புதுசுக்கும் பழசுக்கும் பாலமாக ஒரு சின்ன பிரிட்ஜ் போட்டு, அதில் ஒரு பழைய பெஞ்சைத் தொங்கவிட்டு, சவுண்டு கார்டை மெதுவாக உட்கார வைத்தான். உருட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சவுண்டு கார்டு வந்ததும் மணி நிரலுக்கு உயிர் வந்தது. அது நேர்மையான நிரல். அடிக்காமல் விட்ட மணிகளையெல்லாம் கடன் வைக்காமல் வரிசையாக அடித்தது. அந்த வேகத்திலேயே, இனி அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணியையும், வீட்டுக்குப் போகிற நீண்ட மணியையும் சேர்த்து அடித்துவிட்டு ஓய்ந்தது.

பாலிடெக்னிக் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. அதே நேரம் ஒரு வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. ஓடிய கூட்டம் காரைப் பார்த்துத் தயங்கி, இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது.

தாளாளர் ஒரு நொடிதான் திகைத்தார். அடுத்த நொடி, காரில் இருந்து இறங்கிய அம்மாளிடம் கையை அகல விரித்தார். "மாணவர் அணிவகுப்பு! ஒங்களுக்காகக் காலைலேருந்து நிக்கிறாங்க! கைதட்டுங்கப்பா!"

மாணவர்கள் தட்டினார்கள். பதினொன்றரைக்கே வீட்டுக்கு விட்டால் யார்தான் தட்டமாட்டார்கள்?

"வணக்கங்க, எம்பேரு அன்புமொழி. நாங்க எதுக்கு வந்தோம்னா..." என்று அந்த அம்மாள் தொடங்கினார்.

"மொதல்ல மரியாதை, அப்புறந்தான் பேச்சு!" என்று தாளாளர் பொன்னாடையைப் போர்த்தினார்.

"இல்லீங்க, செம்மல்னு ஒருத்தரு..."

ஏலக்காய் மாலை விழுந்தது. நவீன உணவகத்திலிருந்து மோர் வந்தது. மோரைக் குடித்து முடிப்பதற்குள் தாளாளர் வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். தாளில் இல்லாத பகுதியை மனத்திலிருந்து சொன்னார். அது தாளில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. காரோட்டி செல்லமுத்து, மாலையையும் பழக்கூடையையும் வாங்கி வாங்கிக் கையில் இடமில்லாமல் நின்றார்.

கடைசியாகச் சர்வர் அறை.

"அம்மா, பெருமையாச் சொல்லுவேன். பழைய ஸ்லாட்டுன்னு ஒண்ணு இந்த வளாகத்துலயே கெடையாது. எல்லாமே எக்ஸ்பிரஸ்!"

அன்புமொழியின் முகம் வாடியது. "ஒண்ணுகூடவா இல்ல?"

"மருந்துக்குக்கூட இல்ல!" என்றார் தாளாளர், அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு.

அன்புமொழி திரையருகே குனிந்து பட்டியலை உருட்டினார். அடி மூலையில் அவர் விரல் நின்றது. "இது என்னங்க? பிரிட்ஜு போட்டு, அதுல ஒரு பழைய கார்டு?"

தாளாளர் எட்டிப் பார்த்தார். லெகசி. அதே சொல். அவர் காது சிவந்தது.

"யாரு வச்சது இதை?"

"நாந்தான் சார்," என்றான் செம்மல். "பசங்க பாவம் சார். மணி வேணுமுல்ல."

"எங்கிட்ட எல்லாம் புதுசுன்னு சொல்லிட்டு, அடியில பழச ஒளிச்சு வச்சிருக்கியா? விருந்தாளிங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே! இந்த நிமிஷத்துலேருந்து ஒனக்கும் இந்த நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. போ! பிளெஸ்ஸி, ஆர்டர் அடி!"

பிளெஸ்ஸி அசையவில்லை. செம்மலின் கண்ணுக்குள் அரிமளத்து மாமனார் வந்து, 'அப்ப தற்காலிகமும் இல்லையா?' என்று கேட்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று அன்புமொழி பதறினார்.

"நீங்க வருத்தப்படக் கூடாதும்மா. இந்த மாதிரிப் பழைய புத்தி உள்ளவங்கள நாங்க வச்சிக்கிறதே இல்ல," என்று தாளாளர் இன்னொரு பொன்னாடையை எடுத்து, அவசரத்தில் அந்த அம்மாளின் வாயையும் சேர்த்துப் போர்த்திவிட்டார்.

வாசலில் நின்ற செல்லமுத்து, பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஆய்வுக்குழு என்னைக்கு வருதோ எனக்குத் தெரியாதுங்க, நாங்க திருச்சி கம்பெனி, நெட்டுல எழுதுனதப் படிச்சு, பழைய கார்டப் புது சர்வர்ல உக்கார வைக்கத் தெரிஞ்ச இந்தத் தம்பிய நெரந்தர வேலைக்குக் கூப்பிட்டுப் போக வந்தோம், 'அப்பேர்ப்பட்ட ஆள எந்த மொதலாளி விடுவாரு'ன்னு அம்மா வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தாகங்க!"