முடிவு மையத்தில் வெள்ளியங்கிரியின் முதுகு

மனிதகுலம் இதுவரை வென்றெடுத்த உரிமைகளிலேயே உயர்ந்தது, தன் முதுகைக் கீறலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் உரிமைதான். கோவையில் ஒரு மருத்துவமனை இதற்கென்றே 'முடிவு மையம்' ஒன்றைத் திறந்து, ஏசி மாட்டி, "இங்கே நீங்கள்தான் மருத்துவர்" என்று சுவரில் எழுதியும் வைத்தது.

அந்தப் பெருமைக்குரிய நாற்காலியில் ஒரு செவ்வாய்க்கிழமை கருமத்தம்பட்டி வெள்ளியங்கிரி ஒருக்களித்து உட்கார்ந்தார். நேராக உட்கார முடியாது. இருபத்தாறு வருடம் விசைத்தறி முன்னால் நின்ற முதுகு. நாலு வருடமாக வலி. இப்போது இடதுகால் மரத்துப்போய், செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போட்டால் அந்தக் கால் தேறாது என்பது ஸ்கேனைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய முடிவில் தலையிட்டதாகிவிடும் அல்லவா?

ஆலோசகர் பூஜிதா கணினியில் படிவத்தைத் திறந்தாள்.

"உங்க வலி பத்துக்கு எத்தனைங்க ஐயா?"

வெள்ளியங்கிரி தயங்கினார். தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்ட பெண். அவள் முகத்துக்கு நேராகப் பத்து என்று எப்படிச் சொல்வது?

"ஒரு மூணு போட்டுக்குங்க அம்மணி."

"மூணா!" மனைவி தெய்வாத்தாள் கொதித்தாள். "காலைல கட்டில்ல இருந்து எந்திரிக்கறதுக்கு என்ற தாலியப் புடிச்சுத் தொங்குனீங்களே, அதுவும் அந்த மூணுக்குள்ளதான் வருதுங்களா?"

"மனைவியோட வலிக்கு இதுல கட்டம் இல்லீங்கக்கா," என்றாள் பூஜிதா, உண்மையான வருத்தத்தோடு.

மூன்று மதிப்பெண்ணோடு வெள்ளியங்கிரி மருத்துவர் ஸ்ரீனிவாஸின் அறைக்குள் போனார். தெய்வாத்தாளும், கணினியோடு பூஜிதாவும் கூடவே போனார்கள்.

"முடிவு உங்களுதுங்க," என்றார் மருத்துவர்.

"நீங்க சொன்னாச் சரிங்க."

"நான் சொல்லக்கூடாதுங்க. உங்க மனசுல என்ன இருக்குது?"

"உங்க மனசுல இருக்கறதேதானுங்க."

'இருவரும் ஒருமித்த கருத்துடன் உள்ளனர்' என்று பூஜிதா பதிந்தாள். எதில் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. யோசிக்க ஒரு மாத அவகாசம் வழங்கப்பட்டது. கால் அத்தனை நாள் காத்திருக்குமா என்று படிவம் கேட்கவில்லை.

வெள்ளியங்கிரி மேசையைப் பிடித்து எழுந்து, கும்பிட்டார். தெய்வாத்தாள் எழவில்லை.

"ஏனுங்க டாக்டரு, இது உங்கப்பாவோட முதுகா இருந்தா?"

"போன வாரமே ஆபரேஷன் பண்ணிப்போட்டிருப்பேன்."

சொன்ன பிறகுதான் ஸ்ரீனிவாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பத்துக்கு எத்தனைன்னு அவருகிட்டக் கேக்க மாட்டீங்களா?"

"அப்பாகிட்ட என்னத்தக் கேக்கறதுங்க? கால் போயிருமே!"

"அப்ப இவரையும் கேக்காதீங்க. படுக்க வைங்க."

"நானும் அதையேதானுங்க நெனச்சேன்," என்றார் வெள்ளியங்கிரி, நாலு வருடத்தில் முதன்முறையாகச் சிரித்தபடி.

முடிவு மையத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உரிமையை அது ஊரார் அனைவருக்கும் பாகுபாடின்றி வழங்குகிறது. வைத்தியம்தான் டாக்டரைப் பெற்றெடுத்தவர்களுக்கு மட்டும்.