நான்காம் தொகுதிக்குப் பின்னால்

"ஏங்க, அந்தப் புத்தக அலமாரியை நாளைக்குக் காலி பண்ணிடலாம்."

பல் தேய்த்துக்கொண்டிருந்த பாய்லர் இன்ஜினியருக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது. தொழிற்சாலையில் ராட்சத பாய்லர் உஸ்ஸென்று சீறினாலும் அசையாத மனிதர். மனைவி மெதுவாகச் சொன்ன ஒரு வரிக்கு ஆடிப்போனார்.

அலமாரியில் இருந்தவை ஏழு தடித் தொகுதிகள். பாய்லர் தொழிலுக்கு வேண்டிய அழுத்தம், வெப்பம், அளவு எல்லாம் அவற்றில் உண்டு. நான்காம் தொகுதி நீராவி அட்டவணை. அதற்குப் பின்னால், எந்த அட்டவணையிலும் வராத ஒரு பிஸ்கட் டப்பாவும் உண்டு. சர்க்கரையை அறவே விடச் சொல்லி டாக்டர் கட்டளையிட்டு இரண்டு வருடம். ஞாயிறு தவறாமல், "ரெஃபரன்ஸ் பார்க்கணும், தொந்தரவு பண்ணாதே" என்று கதவைச் சாத்திக்கொள்வார். நாலு பிஸ்கட், அதற்கு மேல் தொடமாட்டார். ஒரே ஒரு முறை வாங்கி நிரப்பியதுதான். டப்பா இன்னும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. தன் மனக்கட்டுப்பாட்டை நினைத்து அவருக்கே புல்லரிக்கும். பிஸ்கட்டும் இன்றுவரை மொறுமொறுவென்று இருந்தது. நல்ல டப்பா!

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி வந்தார். "இப்ப எதுக்குக் காலி பண்ணணும்?"

"தையல் மெஷின் வைக்க இடம் வேணும். இந்த ஏழும்தான் டிஜிட்டல்ல வந்துடுச்சே."

"ஸ்கிரீன்ல படிச்சா கண்ணு வலிக்கும்மா."

"மேட்ச் பாக்குறப்போ நாலு மணி நேரம் வலிக்கலையே?"

"கரன்ட் போச்சுன்னா?"

"புத்தகம் மட்டும் இருட்டுல தெரியுமா?"

"கனமா கையில பிடிச்சாத்தான் எனக்கு மூளையே ஓடும்."

"அப்ப அரிசி மூட்டையை மடியில வச்சுக்கங்க." அவள் அதோடு விடவில்லை. "போன மாசம் இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு என்ன பேசினீங்க? 'இனியும் அச்சுப் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழறவன் இன்ஜினியரே இல்லை'ன்னு. என்னைக் கைதட்ட வேற சொன்னீங்க!"

உண்மைதான். தொழிற்சாலையின் புத்தகங்களை டிஜிட்டலுக்கு மாற்றிய புண்ணியவானே இவர்தான். அந்த விழாவில் பேசத்தான் கண்ணாடி முன் நின்று பழகினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஒத்திகை பார்த்துக் கெட்டிருந்தது.

சரி, புத்தகம் போனால் போகட்டும், டப்பாவைக் காப்பாற்றுவோம் என்று திட்டம் போட்டார். மறுநாள் காலை மனைவி குளிக்கப் போனதும், ஹெல்மெட்டும் கையுமாக அலமாரி முன் நின்றார். டப்பாவை அதற்குள் வைத்துக் கடத்துவதாக ஏற்பாடு. நான்காம் தொகுதியை உருவினார். பின்னால் தூசியில் டப்பா இருந்த வட்டம் மட்டும் இருந்தது.

ஏழையும் உருவிப் பார்த்தார். இல்லை.

"என்ன தேடுறீங்க?" ஈரத் தலையோடு மனைவி வந்து நின்றாள்.

"நீராவி... நீராவி அட்டவணை."

"கையிலதானே இருக்கு. இருந்தாலும் இதுலயும் பாத்துடுங்க" என்று டேப்லெட்டை நீட்டினாள். "நானே திறந்து வச்சுட்டேன். பாஸ்வேர்டைத்தான் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கீங்களே."

நான்காம் தொகுதி திரையில் விரிந்தது. அட்டவணையின் ஓரத்தில், வாசகர் குறிப்பு எழுதும் மஞ்சள் கட்டத்தில் இரண்டு வரி: 'டப்பா சமையலறை மேல்தட்டில். சாயங்காலம் டீயோடு சேர்ந்தே சாப்பிடலாம்.'

அவருக்குக் காது சிவந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத ஞாயித்துக்கிழமையே."

"அப்ப ஏன் சும்மா இருந்தே?"

"யாரு சும்மா இருந்தா? உங்க பிஸ்கட்டையெல்லாம் அன்னைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டு, சர்க்கரை இல்லாத பிஸ்கட்டா வாங்கி வாங்கி நிரப்பினேன். உள்ளே எவ்வளவு தண்ணி போகுது, எவ்வளவு ஆவி வெளிய வருதுன்னு பாக்குறதுதானே உங்க வேலை? டப்பா ஏன் தீரலைன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

இன்ஜினியருக்குக் கோபமே வரவில்லை. தன்னை ஏங்கவும் விடாமல், கெட்டுப்போகவும் விடாமல் இரண்டு வருடம் காத்தவள் மேல் பாசம்தான் பொங்கியது. ஆனாலும் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"ஆனா... இனிச்சுதேம்மா!"

"திருடித் தின்னா எல்லாம் இனிக்கும். நகருங்க, தையல் மெஷின் வருது."